செல்வின் சுமந்து வந்த சிவப்புச் சட்டி

1

இந்த மாதத்தோடு நாங்கள் ஹைதராபாத்துக்கு 'ரெண்டே வருஷத்துக்கு' என்று வந்து பதினோரு வருஷம் முடிகிறது.

பாளையங்கோட்டையில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், பாஸ்போர்ட் கேட்காத ஊரெல்லாம் ஒரு வெளிநாடா என்று சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். வந்த புதிதில் கேஸ் கனெக்‌ஷன் வாங்கப் போனேன். முகவரிக்குச் சான்று கேட்டார்கள். சான்று வாங்கப் போன இடத்தில் கேஸ் ரசீது கேட்டார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில், இடுப்பில் குழந்தையோடு நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில் என் வீட்டுக்காரரைப் பெண்பாலாக்கியும் கேஸை ஆண்பாலாக்கியும் மன்றாடினேன். கவுன்டரில் இருந்தவர் முழுதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல் ஆயியே அம்மா" என்றார். நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். புதிதாக வந்தவர்களிடம் எந்த நாட்டுக் கவுன்டரிலும் முதலில் சொல்கிற வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் செல்வினுக்கு மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அந்த வேலை கிடைத்தபோது, "ரெண்டே வருஷம், ஸ்டெல்லா. அப்புறம் சென்னைக்கோ நம்ம ஊர்ப் பக்கமோ மாத்தல் வாங்கிருவோம்" என்றார். நான் அப்போது ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். விடுப்பு முடிந்தது. நீட்டினேன். அதுவும் முடிந்தது. பிறகு ராஜினாமா எழுதி அனுப்பினேன்.

இரண்டு வருஷத்துக்கு வருகிறவர்கள் கனமான சாமான் வாங்க மாட்டார்கள். இங்கே எனக்குத் தெரிந்த பாதித் தமிழ் வீடுகளில் இதுதான் சட்டம். கட்டில் என்றால் மடக்குக் கட்டில். நாற்காலி என்றால் பிளாஸ்டிக். பீரோ என்றால் ஜிப் வைத்த துணி பீரோ. சுவரில் ஆணி அடிக்க மாட்டோம். எங்கள் வீட்டில் வேத வசனக் காலண்டர்கூட ஃப்ரிட்ஜில் சாய்ந்துதான் நிற்கிறது, எந்த நேரமும் கிளம்பத் தயாராக.

இந்தச் சட்டத்துக்கு நான் கொடுத்த பெரிய பலி கிரைண்டர். கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது, அம்மா வீட்டில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது. ஒவ்வொரு லீவிலும், "இந்த வாட்டி கொண்டு போயிருவோமாங்க?" என்று கேட்பேன். "அடுத்த வருஷம் இங்கன வந்துருவோம்லா, அந்தக் கல்ல எதுக்குச் சுமக்கணும்?" என்பார். மிக்சியில் அரைத்த மாவில் இட்லி எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் ஜெனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைத் தரையில் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்ப்பாள்.

அந்த ஜெனிக்கு இப்போது பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் இங்கிலீஷ். சாம்பாரைக் கண்டால் மட்டும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளிடம் பிடித்த ஹைதராபாத் பாஷை வந்துவிடும்: "நக்கோ மம்மி, நக்கோ." வேண்டாமாம்.

2

சட்டி வருவதற்கு முன்னால் மெர்சியின் போன் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெர்சி என்னோடு பி.எட். படித்தவள். நான் ராஜினாமா எழுதிய அதே பள்ளிக்கூடத்துக்கு இப்போது அவள்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"ஏட்டி ஸ்டெல்லா, கணக்குக்கு ஒரு எடம் காலியாவுது. ஜூன்ல ஆள் வேணும். மேனேஜ்மென்ட்ல உம் பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன். இத விட்டா உன் வயசுக்கு இன்னொண்ணு வாராது, பாத்துக்க."

போனை வைத்துவிட்டு அடுக்களையில் சும்மா நின்றேன். எனக்கு வகுப்பறை அவ்வளவு பிடிக்கும். ஒரு பிள்ளைக்குக் கணக்கு பிடிபடுகிற நேரத்தில் அதன் முகம் மாறுமே, அதை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இங்கேயும் முயற்சி பண்ணாமல் இல்லை. தெலுங்கு சரளமாக வருமா என்றார்கள். இந்தி வருமா என்றார்கள். கணக்கு வருமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

செல்வின் அப்போது அமெரிக்காவில் இருந்தார். கம்பெனி மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தது. போனில் சொன்னேன்.

"வந்து பேசுவோம்ளா. நல்ல முடிவா எடுப்போம்" என்றார்.

நம்பினேன். இவர் 'நல்ல முடிவா எடுப்போம்' என்றால் அந்த முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

3

ஏர்போர்ட்டில் இருந்து வந்த பெட்டியை டிரைவரும் செல்வினும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏதோ சாதித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

சாக்லேட்டுக்காகக் காத்திருந்த ஜெனிக்கு ஒரே ஒரு பாக்கெட் கிடைத்தது. மிச்ச இடத்தையெல்லாம், நாலு பேன்ட்டும் ஒரு ஸ்வெட்டரும் சுற்றிய ஒரு உருண்டைப் பொருள் அடைத்துக்கொண்டிருந்தது. சுற்றைப் பிரிக்கப் பிரிக்கச் சிவப்பு தெரிந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கிற அதே சிவப்பு. உள்ளே பால் நிறத்தில் வழவழவென்று இருந்தது. மூடியே ஒரு தோசைக்கல் கனம்.

"என்னதுங்க இது, அம்மியா?"

"டச் அவன்ளா. வார்ப்பிரும்பு. மேல எனாமல் பூசினது."

"அவன்னா அடுப்புல்லா? இது சட்டி மாரில்லா இருக்கு."

"சட்டிதான். பேருதான் அவன்."

இதே மாதிரி பிரான்ஸ் நாட்டுச் சட்டி ஒன்று இருக்கிறதாம். அதை வாங்குகிறவர்கள் உயிலில் எழுதி வைத்துவிட்டுச் சாவார்களாம். இது அதற்குப் பங்காளி முறை. அதே இரும்பு, அதே பூச்சு, பெயர் மட்டும் இல்லாததால் சல்லிசாகப் போட்டிருந்தார்கள் என்றார். "அந்த ஊர்க்காரனே இதத்தான் வாங்குதான். பேருக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்?"

நான் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். "சவம், என்னா கனம் கனக்கு!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. திருநெல்வேலியில் இருந்து ரயிலில் ஒரு கிரைண்டரைச் சுமக்க முடியாத மனுஷன், கடல் தாண்டி ஒரு இரும்புச் சட்டியைச் சுமந்து வந்திருக்கிறார். ஊர் திரும்ப நினைக்கிற எவனும் இந்தக் கனத்தை வீட்டுக்குள் விட மாட்டான்.

"மெர்சிக்கு என்னங்க சொல்ல?" என்று கேட்டேன்.

"ஜெட் லாக்குளா. அது போவட்டும்."

அந்த ஜெட் லாக் மூன்று வாரம் போகவில்லை.

4

சட்டியோடு ஒரு மடித்த தாள் வந்திருந்தது. செல்வின் அதைச் சமையல் மேடைக்கு மேலே செல்லோடேப் போட்டு ஒட்டினார். அடுப்பில் வெறும் சட்டியைக் காய வைக்கக் கூடாது. தீயைக் கூட்டக் கூடாது. இரும்புக் கரண்டி போடக் கூடாது. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, இரும்புக் கரண்டியால் கிளறி, சுர்ரென்று தண்ணீர் ஊற்றுகிற எங்கள் சமையல் மொத்தத்தையும் யாரோ ஒளிந்து நின்று பார்த்துவிட்டு, 'கூடாது' 'கூடாது' என்று எழுதி அனுப்பிய மாதிரி இருந்தது.

"கஞ்சித் தண்ணி ஊத்தி, எண்ணெ தடவிப் பழக்க வேண்டாமாங்க?"

"இதுக்கு ஒண்ணும் வேண்டாம். அதுதான் எனாமலோட அருமை. வெறும் இரும்புல புளி ஊத்துனா கருத்துப் போவும்லா, இதுல போவாது."

அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதல் சனிக்கிழமை வைத்த தக்காளிக் கறி நிறம் மாறாமல், அடியும் பிடிக்காமல் வந்தது. சட்டி நல்ல சட்டிதான். சட்டியில் எந்தக் குற்றமும் இல்லை.

குற்றம் சமையல்காரரிடம். உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று கல்யாணமான நாளில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், அமெரிக்காவில் கூட இருந்த பையன்களோடு சேர்ந்து மூன்று மாதத்தில் சமையல் ஞானி ஆகிவிட்டார். ஏப்ரன் கட்டினார். 'ஸ்லோ குக்கிங்' என்று ஒரு சொல்லை வேதம் மாதிரி ஓதினார். குக்கர் ஒரு காட்டுமிராண்டிக் கருவி என்று எனக்குத் தெரியப்படுத்தினார். என்னை வெங்காயம் உரிக்க மட்டும் அனுமதித்தார்.

ரொட்டி சுடுகிறேன் என்று ஒரு நாள் மாவு பிசைந்தார். எங்கள் வீட்டுக் குட்டி ஓவனுக்குள் இந்த அவன் நுழையவில்லை. கேஸ் அடுப்பிலேயே சுட்டார். அடி கருகி, நடு வேகாமல், மேலே வெளுத்து ஒரு சாமான் வந்தது. போட்டோ மட்டும் அருமையாக வந்தது. அதை அமெரிக்காவுக்கு மெயில் பண்ணினார்.

மறு வாரம் காலையில் அடுப்பேறிய ஆட்டுக்கறி மத்தியானம் தாண்டியும் 'பக்குவமாகிக்' கொண்டிருந்தது. "ஆக்கலேஸ்துந்தி டாடி, இங்கா எப்புடு?" என்று ஜெனி பசியில் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டு நூடுல்ஸ் கிண்டிக்கொண்டாள். கறி முக்கால் வேகும்போது சிலிண்டர் தீர்ந்தது. அடுத்த சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு நாங்கள் காத்திருந்த காத்திருப்பு ஹைதராபாத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எதிர் வீட்டு விஜயா ஆன்ட்டி வந்து சட்டியைச் சுற்றிப் பார்த்தார். "என்னி விசில்ஸ்?" என்று கேட்டார். இதில் விசிலே கிடையாது என்றேன். ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்துவிட்டு, ஒரு கிண்ணம் பருப்பு அனுப்பி வைத்தார்.

இதற்கெல்லாம் நடுவில் மெர்சி இன்னொரு தடவை போன் பண்ணினாள். "திங்கக்கெழம கமிட்டி கூடுது. காலைல கூப்புடுவேன். அப்ப எனக்கு ஆமான்னோ இல்லன்னோ சொல்லணும். இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது ட்டி."

5

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செல்வின் தன் மேனேஜர் ரெட்டி சாரையும் அவர் மனைவி சுனிதாவையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். சட்டிக்கு அரங்கேற்றம். அன்றைக்குச் சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. விடிந்ததும் கறி வாங்க ஓடினார்.

"நான் கறியக் கழுவுதேன். நீ சட்டிய அடுப்புல வச்சு எண்ணெ ஊத்து. சிம்லதான் இருக்கணும், பாத்துக்க" என்றார்.

எனக்கு மனசு அங்கே இல்லை. நாளைக்கு மெர்சி கூப்பிடுவாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அடுப்பை முழுசாகத் திருகியது. எண்ணெயை மறந்தது. சட்டி நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரு சுண்டு சுண்டியது. காய்ந்த இரும்பைச் சோதிக்க எங்கள் ஊரில் வேறு வழியே கிடையாது. துளி சுர்ரென்று உருண்டு ஓடினால் தோசை ஊற்றலாம்.

இது ஓடவில்லை. 'டப்' என்று வெடித்தது. பால் நிறப் பூச்சில் ஒரு சில்லு துள்ளி என் மேல் விழுந்தது. சட்டியின் அடியில் பல் விழுந்த இடம் மாதிரி கறுப்பாக இரும்பு தெரிந்தது.

செல்வின் ஈரக் கையோடு ஓடி வந்தார். "அடப்பாவி! தண்ணியாத் தெளிச்ச? இது என்ன தோசக்கல்லா? அந்தத் தாள எதுக்கு ஒட்டி வச்சிருக்கேன்?"

"கை பழக்கம்ங்க."

"கை பழக்கமாம்! புது வீட்டு கிச்சனுக்குன்னு பாத்துப் பாத்து வாங்குனேன். அந்தக் கறுப்பு கிரானைட்டுக்கு இந்தச் செவப்பு எப்படி எடுப்பா இருந்திருக்கும்..."

பாதியில் நிறுத்திவிட்டார். அடுப்பை அணைத்தேன்.

"எந்தப் புது வீடு?"

ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "இங்கதான், மியாப்பூர் பக்கம்... அபார்ட்மென்ட். ஒனக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்ப அட்வான்ஸ் கொடுத்திய?"

"அமெரிக்கா போறதுக்கு முன்னாடி."

அப்படியென்றால் நான் மெர்சியைப் பற்றிப் போனில் சொன்னபோது வீடு பேசி முடிந்திருந்தது. 'நல்ல முடிவா எடுப்போம்' என்றபோது முடிந்திருந்தது. ஜெட் லாக் என்று கண்ணைத் தேய்த்தபோதும் முடிந்துதான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. காது மடல் வரைக்கும் கோபம் சுட்டது. பதினோரு வருஷம் துணி பீரோவில் சேலை மடித்து வைத்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் விருந்தாளி வந்துகொண்டிருக்கிறார்களே, சண்டைக்கு ஏது நேரம்? கறியைக் குக்கரில் போட்டேன். அஞ்சு விசில். சட்டியில் இருந்த சில்லையெல்லாம் வழித்தெடுத்து, கழுவித் துடைத்து, அடியில் வாழை இலையை நறுக்கிப் போட்டு, குக்கர் கறியை அதில் ஊற்றி மூடியைப் போட்டேன்.

6

மேஜை நடுவில் சிவப்புச் சட்டி. மூடியைத் திறந்ததும் சுனிதா கையைத் தட்டினார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார். ஸ்லோ குக்கிங் என்றால் இதுதான், குக்கரில் இந்த ருசி ஜன்மத்துக்கும் வராது என்று தெலுங்கில் சொன்னார். இலை வாசனைகூட எவ்வளவு இயற்கையாக இறங்கியிருக்கிறது என்று ரெட்டி சார் வியந்தார்.

"யெஸ், யெஸ். த்ரீ ஹவர்ஸ், லோ ஃப்ளேம்" என்றார் செல்வின், தட்டைப் பார்த்துக்கொண்டே. ஜெனிக்குப் புரையேறியது.

அப்புறம் ரெட்டி சார் என் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷர், முகமெல்லாம் சிரிப்பு. "கிருஹப்ரவேசம் எப்புடம்மா?"

புது வீட்டுக்கு எப்போது பால் காய்ச்சப் போகிறீர்கள் என்று கேட்கிறார். ஆக, கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவளைத் தவிர. செல்வின் மேஜைக்கு அடியில் என் காலைத் தன் காலால் அழுத்தினார்.

எனக்குத் தெரிந்த தெலுங்கையெல்லாம் திரட்டினேன். "அதி ஆயனகி தெலுசண்டி" என்றேன். அது அவருக்குத்தான் தெரியும். "நேனு ஜூன்லோ மா ஊரு வெள்தானு. ஸ்கூல்லோ டீச்சர் உத்யோகம்." ஜூனில் நான் ஊருக்குப் போகிறேன், பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை.

என் தெலுங்கில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு தப்பும் இல்லை. எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது. ரெட்டி சார் எழுந்து செல்வின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒண்டர்ஃபுல்! புது வீடு, மேடத்துக்குப் புது வேலை, டபுள் கங்கிராஜுலேஷன்ஸ்!" செல்வின் குலுக்கல் முடிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் வாழ்த்துகிறபோது வேறென்ன செய்ய முடியும்?

7

அவர்கள் போனதும் ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "பெரிய மனுஷங்க முன்னாடி இப்படியா மானத்த வாங்குவ?"

"நீங்க அந்தப் பெரிய மனுஷங்ககிட்டத்தான மொதல்ல சொன்னிய? நானும் அவங்ககிட்டயே சொன்னேன்."

சோபா இல்லாத வீட்டில் கோபித்துக்கொண்டு உட்காருவது கஷ்டம். பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. நான் ஜெனியைப் பார்த்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கலாம் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"நேனு ராணு மம்மி" என்றாள். நான் வரமாட்டேன். சத்தம் போடவில்லை, முறைக்கவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "டென்த் இக்கடே. ஃப்ரெண்ட்ஸந்தரு இக்கடே." பத்தாவது இங்கேதான், சிநேகிதிகளெல்லாம் இங்கேதான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானமாக, "சம்மர்லோ வஸ்தா" என்றாள்.

பெற்ற அம்மா இருக்கும் இடத்துக்கு லீவுக்கு வருகிறேன் என்கிறாள் என் மகள். அது வலித்தது. ஒளிக்க ஒன்றும் இல்லை, இதை எழுதும்போதும் வலிக்கிறது. அந்த நிமிஷம் பின்வாங்கிவிட்டேன். விடு கழுதையை, பள்ளிக்கூடம் எங்கே போய்விடப் போகிறது, இவளுக்குப் பத்தாவது முடியட்டும் என்று நினைத்தேன். மெர்சிக்கு 'இல்லை' சொல்லுகிற வாக்கியம்கூட வாயில் தயாராகிவிட்டது.

செல்வினுக்கு அது தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"பாத்தியா, புள்ளையே வரமாட்டேங்கா" என்றார். "நீ போய்ட்டா எங்களுக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

மூன்று வாரமாக என்னை அடுக்களைக்குள் அண்டவிடாமல் ஆக்கிப் போட்டவர் கேட்கிறார். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்குமே என்று சொல்லியிருக்கலாம். வீட்டு விஷயத்தை மறைத்தது தப்புதான் என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் நின்றுவிட்டிருப்பேன், சத்தியமாக நின்றுவிட்டிருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் செல்வின் ஆபீசுக்கும் ஜெனி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு மெர்சி கூப்பிட்டாள்.

"என்ன ட்டி, ஆமாவா, இல்லையா?"

"வாரேன்."

"நெசமாத்தான் சொல்லுதியா?" அவள் குரல் பள்ளிக்கூட மணி மாதிரி அடித்தது. உடனே தணித்துக்கொண்டாள். அவளுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். "அவிய என்ன சொன்னாவ? அவியகிட்டக் கேட்டியா?"

"கேக்கல மெர்சி," என்றேன். "சொல்லிட்டேன்."